ரத்து என்று எழுதத் தயங்காதே

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. சுகாதாரம், வருவாய், பொறியியல், நகரமைப்பு, பொதுப்பிரிவு என ஐந்து பிரிவுகளின் நிகழ்ச்சிகளையும் நகராட்சி இணையதளத்தில் ஒரே காலண்டராகக் காட்டச் சொல்லி ஆணையர் உத்தரவு போட்டிருக்கிறார், எந்த மென்பொருளைப் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். மென்பொருளுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஐந்து பிரிவுக்கும் நேரில் போய்விட்டு வா. ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வியைக் கேள்: "இந்தத் தேதி மாறினால், மாறியது முதலில் யாருக்குத் தெரியும்?"

சொல்கிற பதவியை எழுதிக்கொள். ஆளின் பெயர் வேண்டாம், அவர் மாறுதலில் போய்விடுவார். சுகாதார ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், பொதுப்பிரிவு உதவியாளர் என்று அந்தத் தாளில் சேரும் பட்டியல்தான் உன் காலண்டரின் அஸ்திவாரம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நகராட்சியில் ஒரு தேதி ஒரு இடத்தில் மட்டும் இருப்பதில்லை. நகர்மன்றக் கூட்டத்தையே எடுத்துக்கொள். தேதி பொதுப்பிரிவின் கோப்பில் இருக்கும். தலைவரின் உதவியாளர் டைரியில் இருக்கும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் இருக்கும். கவுன்சிலர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். கூட்டம் வியாழனிலிருந்து வெள்ளிக்குத் தள்ளிப்போனால் வாட்ஸ்அப் குழுவுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், பலகையில் தாள் மறுநாள் மாறும், இணையதளத்தில் மட்டும் மாறாது. அதைக் கவுன்சிலர் பார்ப்பதில்லை, பொதுமக்கள்தான் பார்க்கிறார்கள். இந்த நிலையில் ஐந்து பிரிவின் தேதிகளையும் நீ வாங்கி, உன் கையால் இன்னொரு இடத்தில் தட்டச்சு செய்து வைத்தால், தவறான தேதி தங்குவதற்கு இன்னொரு இடத்தை நாமே கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

ஆகவே ஒருங்கிணைந்த காலண்டர் என்பதை இப்படிப் புரிந்துகொள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் காலண்டர். அதில் எழுதவும் திருத்தவும் அந்தப் பிரிவுக்கு மட்டுமே அதிகாரம். பொதுமக்கள் பார்க்கும் பக்கம் அந்த ஐந்தையும் படித்துக் காட்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் யாரும் எதையும் நேரடியாக உள்ளிட முடியாது. உனக்குக்கூட அந்த அனுமதி இருக்கக் கூடாது.

போலியோ சொட்டு மருந்து முகாமை நினைத்துப் பார். சுகாதாரப் பிரிவு உள்ளிடும். செய்திக்குறிப்பு அனுப்புகிறோமே என்று பொதுப்பிரிவும் உள்ளிடும். ஒன்றில் "போலியோ முகாம், காலை 7 மணி", இன்னொன்றில் "தீவிர சொட்டு மருந்து முகாம், காலை 8 மணி". ஒருங்கிணைந்த பக்கத்தில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். இரண்டும் ஒரே முகாம்தான் என்று எந்த மென்பொருளும் உறுதியாகச் சொல்லாது. கைக்குழந்தையோடு கிளம்பும் தாய்க்கு எது சரியான நேரம் என்று தெரியாது. முகாம் என்றால் சுகாதாரப் பிரிவுதான் உள்ளிடும், மற்றவர்கள் அந்தப் பதிவின் இணைப்பை எடுத்து அனுப்பிக்கொள்ளலாம் என்று ஒரு வரியில் முடிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

இனி மென்பொருள். காலண்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது வடிவம் உண்டு, பெயர் ஐகேலண்டர். 1998 நவம்பரில் ஆர்எஃப்சி 2445 என்ற ஆவணமாக வந்தது, 2009 செப்டம்பரில் ஆர்எஃப்சி 5545 என்று திருத்தி எழுதப்பட்டது. ஐசிஎஸ் என்று முடியும் கோப்புகள் எல்லாம் இந்த வடிவம்தான். கூகுள் காலண்டர், ஆப்பிள், அவுட்லுக் எல்லாமே இதைப் படிக்கும். நீ எந்த மென்பொருளைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேள்: வெளியிலிருந்து ஐசிஎஸ் இணைப்பை வாங்கிக் காட்டுமா? தன்னிடம் இருப்பதை ஐசிஎஸ் இணைப்பாக வெளியே தருமா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள். பிரிவுகளுக்குக் கூகுள் காலண்டரே கைப்பழக்கம் என்றால் அதுவே போதும். நிறம், அழகு எல்லாம் பிறகு. இணைப்பைத் தராத மென்பொருள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நாளைக்கு ஒப்பந்தக்காரர் மாறும்போது உன் தேதிகள் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அந்தக் கோப்பில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் யூஐடி என்று ஒரு அடையாள எண் இருக்கும். தேதி மாறினாலும், இடம் மாறினாலும், தலைப்பு மாறினாலும் அந்த எண் மாறாது. அதைப் பார்த்துத்தான், இது புது நிகழ்ச்சி இல்லை, பழைய நிகழ்ச்சியின் திருத்தம் என்று மற்ற காலண்டர்கள் புரிந்துகொள்கின்றன. பிரிவுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் என்ன செய்வார்கள் என்றால், தேதி மாறியதும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உள்ளிடுவார்கள். வேகமான வழி அதுதான் என்று அவர்களுக்குத் தோன்றும். ஆனால் யூஐடி அங்கேயே அறுந்துவிடும். முன்பே அந்தப் பதிவைத் தன் கைபேசியில் இறக்கிவைத்துக்கொண்டவரிடம் பழைய தேதி அப்படியே உட்கார்ந்திருக்கும். அவர் இணைப்பைப் பிடித்து சப்ஸ்கிரைப் செய்தவராக இருந்தால் பழையது சத்தமில்லாமல் மறைந்துபோகும், ஏன் மறைந்தது என்று அவருக்குத் தெரியாது. அதனால் பயிற்சி நாளில் நீ முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது திருத்துவதை. புதிதாக உள்ளிட அவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.

இங்கேதான் நான் சொல்ல நினைத்ததன் மையத்துக்கு வருகிறேன். நம் இணையதளங்களில் "நடைபெறும்" என்ற அறிவிப்புக்குப் பஞ்சமே இல்லை. "ரத்து", "ஒத்திவைப்பு" என்ற அறிவிப்பைத் தேடிப் பார், கிடைப்பது அரிது. ரத்து என்று போட்டால் அலுவலகத்துக்குக் கெட்ட பெயர் என்று ஒரு தயக்கம். அதனால் பேசாமல் பதிவை நீக்கிவிடுகிறார்கள். ஆனால் ஊர்க்காரர் ஒருவருக்குச் செலவு வைப்பது அந்த மௌனம்தான். கூலி வேலைக்குப் போகிறவர் ஒருவர் மனு கொடுக்க வருகிறார் என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக்குக் கொடுத்து, ஜெராக்ஸ் எடுத்து வருகிறார். வந்து பார்த்தால் கூட்டம் இல்லை. வாசலில் இருக்கும் காவலர் "தெரியாதா?" என்று கேட்பார். தெரிய வைப்பது நம் வேலை.

உங்கள் நகராட்சியிலும் திங்கள்கிழமை மனு வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இதை உள்ளிடும்போது எல்லோரும் செய்வது, "வாரந்தோறும் திங்கள், காலை 10 மணி" என்று ஒரே ஒரு விதியாக, முடிவுத் தேதி இல்லாமல் போட்டுவிடுவது. காலண்டர் அதை முடிவே இல்லாமல் நீட்டிக்கொண்டு போகும். ஆனால் நடப்பு எப்படி? திங்களில் அரசு விடுமுறை வரும். தேர்தல் தேதி அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலுக்கு வரும், ஆட்சியர் அலுவலகம் முதற்கொண்டு குறைதீர் கூட்டங்களை நிறுத்திவைப்பார்கள், விதிகள் விலகும்வரை அது வாரக்கணக்கில் நீளும். உங்கள் மாவட்டத்துத் தேர்த் திருவிழாவுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவார். ரம்ஜான், பக்ரீத், மொகரம், மீலாது நபி ஆகியவை பிறை தெரிவதைப் பொறுத்தவை. ஆண்டுத் தொடக்கத்து விடுமுறைப் பட்டியலில் இருந்த நாளிலிருந்து ஒரு நாள் தள்ளிப்போவதுண்டு. இவை எதுவும் உன் விதிக்குத் தெரியாது.

ஆகவே திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி எதற்கும் முடிவுத் தேதி கட்டாயம். மார்ச் 31 அல்லது செப்டம்பர் 30, அரையாண்டுக் கணக்கோடு ஒத்துப்போகும் நாளாக வைத்துக்கொள். விடுமுறை வரும் திங்களை அந்த ஒரு நாளுக்கு மட்டும் திருத்து. பெரும்பாலான மென்பொருள்கள் "இந்த நிகழ்ச்சி மட்டுமா, இனி வரும் எல்லாமா" என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்து, நீக்காமல், தலைப்பின் முதல் சொல்லாக "ரத்து" என்று எழுது. "ரத்து: மக்கள் குறைதீர் கூட்டம். அடுத்தது 24-ஆம் தேதி." ஐகேலண்டரில் ரத்து என்று குறிக்க ஸ்டேட்டஸ் என்ற தனிப் புலம் இருக்கிறதே என்று நீ கேட்பாய். இருக்கிறது. அதையும் குறி. ஆனால் அதை மட்டும் நம்பாதே. சில செயலிகள் ரத்தான நிகழ்ச்சியைக் காட்டாமலே விட்டுவிடும். காட்டாமல் விடுவதும் நீக்குவதும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். இதைச் சோதித்துப் பார்க்காமல் தளத்தைத் திறக்காதே: ஒரு பொய் நிகழ்ச்சியை உள்ளிட்டு, ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றிலும் ஐபோன் ஒன்றிலும் சப்ஸ்கிரைப் செய்து, அதை ரத்து செய்து, இரண்டிலும் என்ன தெரிகிறது என்று பார்.

சப்ஸ்கிரைப் செய்தவரின் கைபேசிக்கு மாற்றம் உடனே போய்ச் சேராது. கூகுள் காலண்டர் வெளி இணைப்பைப் புதுப்பிக்க 12 மணி நேரம்வரைகூட எடுத்துக்கொள்ளும். காலையில் மழை பெய்து மதியம் முகாம் ரத்தானால் காலண்டரால் யாரையும் காப்பாற்ற முடியாது. அதற்கு வார்டு வாட்ஸ்அப் குழு, குறுஞ்செய்தி, ஆட்டோவில் ஒலிபெருக்கி எல்லாம் வேண்டும். ஆனால் அந்த எல்லாச் செய்தியிலும் அந்த நிகழ்ச்சியின் இணைய முகவரி ஒன்றையே கொடு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாறாத முகவரியில் ஒரு பக்கம் இருந்து, கடைசி நிலவரம் அதில் எழுதியிருந்தால், மூன்று நாள் கழித்து ஃபார்வர்டு ஆகி வரும் செய்தியைத் தொட்டவருக்கும் சரியான தேதி கிடைக்கும்.

சில்லறை போலத் தெரிந்து பெரிய சேதம் செய்யும் விஷயங்கள் சில இருக்கின்றன. முதலாவது, முடிவு நாள். ஐகேலண்டரில் முழுநாள் நிகழ்ச்சியின் முடிவாக எழுதப்படும் தேதி அந்த நிகழ்ச்சியில் சேராது. ஏப்ரல் 1 முதல் 30 வரை என்றால் கோப்பில் முடிவு மே 1 என்று இருக்க வேண்டும். திரையில் உள்ளிடும்போது மென்பொருளே இதைப் பார்த்துக்கொள்ளும். எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றும்போதுதான் ஒரு நாள் நழுவும். சொத்துவரியில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைக்கிறது. அங்கே ஒரு நாள் பிசகினால் வீட்டுக்காரருக்குப் பணம் போகிறது. அதோடு, இப்படிப்பட்ட கடைசி நாளை முப்பது நாள் நீளப் பட்டையாகப் போடாதே, மாதம் முழுக்க மற்ற எதுவும் தெரியாது. கடைசி நாளன்று ஒரே ஒரு பதிவு, அதற்கு ஒரு வாரம் முன்னால் நினைவூட்டலாக இன்னொன்று, போதும்.

அடுத்தது நேரம். வழங்கியின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். முழுநாள் முகாம் ஒன்று விடியற்காலை 5.30-க்குத் தொடங்குவதாகத் திரையில் தெரிந்தால் வேறு எங்கும் தேடாதே, நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்று. தேதி வடிவத்தையும் அப்போதே பார்த்துவிடு. மென்பொருள் அமெரிக்க முறையில் இருந்தால் ஜூன் 5 என்பது மே 6 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட தேதிகளில் இந்தத் தவறு தானே வெளியே தெரியும், முதல் பன்னிரண்டு நாட்களில் தெரியாது.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஐசிஎஸ் கோப்பில் ஒரு வரி 75 பைட்டைத் தாண்டினால் மடித்து அடுத்த வரியில் தொடர வேண்டும் என்பது மரபு. ஆங்கிலத்தில் 75 பைட் என்றால் 75 எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். "சொத்துவரி செலுத்தக் கடைசி நாள்" என்ற நான்கு சொல் தலைப்பே 84 பைட் வருகிறது. அரைகுறையாக எழுதிய நிரல், எழுத்து எங்கே முடிகிறது என்று பார்க்காமல் 75-ஆவது பைட்டில் வெட்டிவிடும். மூன்று பைட்டில் ஒன்று இங்கேயும் இரண்டு அங்கேயும் போய் விழும். திரும்ப ஒட்டத் தெரியாத செயலியில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். ஆங்கிலத் தலைப்பை வைத்து மட்டும் சோதித்தவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. நீ சோதிக்க இந்த நான்கு சொல்லையே எடுத்துக்கொள்.

அலுவலகத்தில் இன்னும் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் சுற்றிக்கொண்டிருக்கும். யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் பழைய கணினிகளில் பழக்கம் போகவில்லை. அந்தக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் காலண்டரில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். மாற்றித் தரும் கருவி ஒன்றை ஒவ்வொரு மேசையிலும் நிறுவிக் கொடு. அறிவிப்பை ஸ்கேன் செய்து படமாக மட்டும் போடும் வழக்கத்தையும் மெல்ல நிறுத்து. படத்துக்குள் இருக்கும் தேதியைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிக்காது, தேடுபொறிக்கும் அது பெரும்பாலும் எட்டாது.

பக்கத்தை எப்படிக் காட்டுவது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. மாதக் கட்டத்தை முதலில் காட்டாதே. ஐந்து பிரிவையும் ஒரே கட்டத்தில் போட்டால் கைபேசியில் வெறும் புள்ளிகள்தான் தெரியும், எதைத் தொடுவது என்று வயதானவர்களுக்குப் புரியாது. "இன்று, நாளை, இந்த வாரம்" என்று பட்டியலாகக் காட்டு. நேரம், இடம், யாருக்கு, என்ன கொண்டுவர வேண்டும் என்ற நான்கும் தெரியட்டும். மாதக் கட்டம் வேண்டும் என்கிறவருக்கு ஒரு பொத்தான் இருக்கட்டும்.

பிரிவு வாரியாகப் பிரித்துக் காட்டவும் வேண்டாம். நகரமைப்புப் பிரிவு என்ன செய்யும் என்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? உள்ளே காலண்டர்கள் பிரிவு வாரியாக இருக்கட்டும், வெளியே முகாம், வரி, கூட்டம், ஏலம், தடுப்பூசி என்று மக்கள் தேடும் பெயரில் இருக்கட்டும். வார்டு எண்ணை எல்லாப் பதிவிலும் கட்டாயப் புலமாக்கு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழக நகரங்களில் பகுதி சபைகள் முதல்முறையாகக் கூடின. ஒரே நாளில் ஊரெங்கும் வெவ்வேறு இடங்கள். அப்படி ஒரு நாளில் வார்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை என்றால், தன் தெருவுக்கான கூட்டம் எங்கே என்று தெரிந்துகொள்ள ஒருவர் முழுப் பட்டியலையும் உருட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

குடிநீரை இதில் சேர்க்கச் சொல்லி உன்னை நெருக்குவார்கள். ஊரில் எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்பும் தேதி அதுதான், அதனால் நியாயமான ஆசைதான். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், தெருவுக்குத் தெரு மாறி வரும் தண்ணீரைப் பொதுக் காலண்டரில் கொட்டினால் மற்றதெல்லாம் மூழ்கிவிடும். தவிர, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தால் மோட்டார் ஓடாது, தண்ணீர் முறை முழுக்கத் தள்ளிப்போகும். வால்வு திறப்பவர் தன் கைபேசியிலிருந்தே மாற்றத்தைச் சொல்ல ஒரு எளிய வழி செய்து கொடுத்த பிறகு, அதைத் தனிப் பக்கமாகத் தொடங்கு. அதுவரை முடியாது என்று ஆணையரிடம் பணிவாகச் சொல்.

பழைய ஆட்கள் சிலர் சிவகாசிக் காலண்டரைக் காட்டி, அது போல ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடலாமே என்பார்கள். ஒரு முறை அச்சடித்துச் சுவரில் மாட்டினால் அதோடு முடிந்தது. உன் காலண்டரை அப்படி நினைக்க ஆரம்பித்தால் மூன்றாவது மாதமே யாரும் பார்க்க மாட்டார்கள். நிலையான நாட்கள் மிகக் கொஞ்சம். உன் ஊரைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபைக்கு ஆறு நாள் நிலையாக இருக்கிறது. நகராட்சி வேலையில் அப்படிப்பட்ட நாட்களைவிட நகரும் நாட்களே அதிகம்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இன்றைக்கே பார். ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் உருவாக்கிய காலண்டர், அவர் மாறுதலில் போனதும் பூட்டிய அறையாகிவிடும். பதவிப் பெயரில் அலுவலக மின்னஞ்சல் வாங்கு. ஒவ்வொரு காலண்டருக்கும் நிர்வாக உரிமை இரண்டு பதவிகளிடம் இருக்கட்டும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவி, முத்திரையோடு காலண்டரும் ஒரு வரியாக இடம்பெறச் சொல்.

இதையெல்லாம் நீ அன்பாகக் கேட்டால் இரண்டு மாதம் நடக்கும், பிறகு நிற்கும். அதனால் இதற்கு ஒரு அலுவலக ஆணை வேண்டும். கலிஃபோர்னியாவில் 1953-இல் இயற்றிய பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி மன்றத்தின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொருள் நிரலை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்கிறது அது. 2019 முதல் இணையதளத்தின் முகப்பிலேயே அந்த நிரலுக்கு நேரடி இணைப்பும் இருக்க வேண்டும். தேதியை வெளியிடுவது அங்கே சட்டக் கடமை, அதை அவர்கள் இணையதளத்தின் முகப்புவரை கொண்டுவந்துவிட்டார்கள். உனக்கு ஆணையரின் ஒரு பக்க ஆணை போதும். எந்தத் தேதி எந்தப் பதவிக்கு உரியது, மாற்றம் முடிவான அன்றே அது காலண்டரில் ஏற வேண்டும், எதையும் நீக்கக் கூடாது, இந்த மூன்றும் அதில் இருந்தால் சரி.

ஐந்து பிரிவையும் ஒரே நாளில் திறக்காதே. சுகாதாரத்தையும் வருவாயையும் வைத்துத் தொடங்கு. ஒன்றில் முகாம்கள், மற்றதில் கடைசி நாட்கள், இரண்டிலும் தேதிக்கு உரியவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. முதல் ரத்து வந்து, அது உள்ளிட்ட இடத்திலிருந்து ஊர்க்காரரின் கைபேசிவரை சரியாகப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பொதுப்பிரிவைச் சேர். பொறியியலும் நகரமைப்பும் அடுத்த காலாண்டுக்கு இருக்கட்டும். ஆணையர் அவசரப்பட்டால் நான் எழுதியதை அவரிடம் காட்டு. அலுவலக ஆணையின் வரைவை இந்த வாரமே எழுதி எனக்கு அனுப்பு, படித்துத் திருத்தி உடனே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்